மூன்றாவது பொய்ப்பிள்ளை

முதலாளி அந்த ஒற்றைத் தாளை மேசைமேல் வைத்து, "படிச்சுப் பாத்துட்டுக் கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்த தாள் அது. மொத்தம் மூன்றே வாக்கியம். எங்கள் பதிப்பகத்தின் பெயர்ப் புத்தகத்தில் உள்ள இன்ன பெயர் என்னால் கற்பனை செய்யப்பட்டது. அது எந்த மொழியிலும் இல்லாதது, பொருளற்றது. அந்தப் பெயர் கொண்டவர் உலகில் எவரும் இல்லை.

முதல் இரண்டு வாக்கியங்களையும் அகராதி தாண்டிவிட்டார். மூன்றாவதில் மாட்டிக்கொண்டார். அந்தப் பெயரில் ஒரு பெண் குழந்தை இருந்தது அவருக்குத் தெரியும். அதைப் பெற்றவளையும் தெரியும். இந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் வழக்கு நடக்கும். வழக்கு நடந்தால் செய்தித்தாளில் வரும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அது அவள் கண்ணில் படும். மகளைப் பறிகொடுத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குத் தரேன்" என்றார் அகராதி.

"ஒரு கையெழுத்துக்கு நாள் பாக்கணுமாண்ணே?"

"இல்ல, கண்ணாடி வீட்டுல இருக்கு. ஒழுங்காப் படிச்சுட்டுப் போடறேன்."

கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. முதலாளி அதைப் பார்த்தார்.

அகராதி என்பது அலுவலகம் வைத்த பெயர். பேச்சில் ஒருவனை அகராதி பிடித்தவன் என்றால் அவனுக்குத் தலைக்கனம் என்று அர்த்தம். இவருக்குத் தலைக்கனம் மருந்துக்கும் கிடையாது. பியூன் வராத நாளில் எல்லாருடைய தேநீர் டம்ளரையும் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிற மனுஷர். ஆனால் வாயைத் திறக்கிறவன் எல்லாரிடமும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எங்கேயிருந்து வந்தது என்று கேட்டு உயிரை எடுப்பார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டில் மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

இரும்புக் கடைக்கு மேல் மாடியில் மூன்று அறை. முன்னறையில் விற்பனை, நடு அறையில் கட்டுக்கட்டாகப் புத்தகம், கடைசி அறையில் அகராதி. கீழே நாள் முழுக்கக் கம்பி வெட்டுவார்கள். அந்தச் சத்தம் நின்றால்தான் அவருக்குத் திடுக்கென்று இருக்கும். சட்டைப்பையில் அடங்குகிற சின்னப் புத்தகங்கள் போடுகிற பதிப்பகம் அது. கடிதம் எழுதுவது எப்படி, கறை போக்குவது எப்படி, கண்ட கனவுக்கு என்ன பலன், எல்லாம் உண்டு. ஆனாலும் அத்தனை பேருக்கும் சோறு போட்டது ஒரே புத்தகம்தான். குழந்தைக்குப் பெயர் வைக்கும் புத்தகம். எட்டாயிரம் பெயர், பொருளோடும் பிறந்த இடத்தோடும்.

மற்றவர்கள் போடும் பெயர்ப் புத்தகங்களில் எந்தப் பெயரைப் பார்த்தாலும் அழகு, ஒளி, வெற்றி என்று எதையாவது எழுதி ஒப்பேற்றியிருப்பார்கள். அகராதிக்கு அது ஆகவே ஆகாது. பெயருக்கு ஓர் அட்டை வைத்திருந்தார், மர இழுப்பறைகள் நிறைய. கப்பலில் வேலை பார்த்துத் திரும்பியவர், வேற்று மொழி சொல்லித் தருகிறவர், தூர தேசத்தில் மருமகள் எடுத்தவர் என்று யார் கிடைத்தாலும் பிடித்து உட்கார வைத்துக் கேட்பார். ஒரே பெயர் ஒரு நாட்டில் நிலாவாக இருக்கும். பாலைவனத்து மக்களிடம் அதுவே இருட்டு. குளிர் தேசம் ஒன்றில் அது ஏதோ நீளமான பெயரின் வெட்டுப்பட்ட வால், அவ்வளவுதான், அர்த்தமே கிடையாது. ஒரு காலத்தில் அடிமைகளுக்கு மட்டும் வைத்த பெயர் கடல் தாண்டிப் போய்ச் சீமாட்டிகளின் பெயராகத் திரும்பி வந்திருக்கும். அத்தனையையும் அட்டையில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

இதனால் வம்பும் வரும். ஒருநாள் ஒரு தகப்பன் படியேறி வந்து புத்தகத்தை விரித்துக் காட்டினான். "என் பையன் பேருக்குக் கீழ 'வேறொரு தேசத்தில் கிழட்டு ஆடு'ன்னு போட்டிருக்கீங்களே, எதுக்குங்க?"

"நான் வைக்கலைங்க. அந்த ஊர்க்காரங்க வெச்சிருக்காங்க."

"அங்க நான் போகவே போறதில்லையே."

"உங்க பையன் போவானே" என்றார் அகராதி, மெய்யான கவலையோடு. அந்த ஆள் புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

இப்படி உயிரைக் கொடுத்துச் சேர்த்ததை வேறொரு பதிப்பகம் ஒரே மாதத்தில் அப்படியே நகலெடுத்து, மேலட்டையை மாற்றி, விற்றுவிடும். கேட்டால், "பேரெல்லாம் உலகத்துக்குப் பொது. உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்பார்கள். இதற்குப் பழைய முதலாளி, அதாவது இப்போதைய முதலாளியின் அப்பா, ஒரு வழி வைத்திருந்தார். பதிப்புக்குப் பதிப்பு, உலகத்தில் எங்குமே இல்லாத மூன்று பெயர்களைப் புனைந்து, அவற்றுக்குப் பொருளும் தேசமும் போட்டு, எட்டாயிரத்துக்கு நடுவே சொருகிவிட வேண்டும். எவன் புத்தகத்தில் அவை வருகின்றனவோ அவன்தான் கள்ளன். மாட்டிக்கொண்டால் தப்பிக்க முடியாது. இவற்றுக்கு அலுவலகத்தில் பொய்ப்பிள்ளைகள் என்று பெயர்.

"என்னய்யா அகராதி, இந்தத் தடவை பொய்ப்பிள்ளைங்க பொறந்தாச்சா?" என்று பெரியவர் கேட்பார்.

"ரெண்டு பொறந்தாச்சு. ஒண்ணு இன்னும் வயித்துல இருக்கு" என்பார் இவர்.

பொய்ப்பிள்ளைக்கு ஒரு கட்டாய விதி உண்டு. அது அழகாக இருக்கக் கூடாது. அழகாக இருந்தால் யாராவது ஆசைப்பட்டு எடுத்துப் பெற்ற பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். ஆகவே ஓசை கரடுமுரடாக இருக்க வேண்டும், பொருள் உப்புச் சப்பில்லாமல் இருக்க வேண்டும். 'சாய்ந்த கம்பம்' என்று ஒரு பெயருக்குப் பொருள் போட்டிருந்தார். 'இரண்டாவது வாளி' என்று இன்னொன்றுக்கு. இருபத்திரண்டு வருஷம் இந்த விதியில் அவர் தவறியதே இல்லை. ஒரு பொய்ப்பிள்ளையும் எந்த வீட்டுத் தொட்டிலிலும் போய்ப் படுக்கவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்தது. அறுவை நடந்த அன்றைக்கு அகராதி ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய தாள்கள் மடியில். அழைத்துக்கொண்டு வந்த மகனை மருந்து வாங்க அனுப்பியிருந்தார்கள். இரண்டு பொய்ப்பிள்ளைகள் எழுதியாகிவிட்டது, மூன்றாவதுதான் பாக்கி. உள்ளே போனவளை ஐந்து மணி நேரமாகக் காணோம். கதவு திறக்கும்போதெல்லாம் இவர் எழுந்து நிற்பார், யாரோ ஒரு நர்ஸ் இவரைப் பார்க்காமலே கடந்து போவாள், மறுபடி உட்காருவார். அப்படி உட்கார்ந்த ஒரு தடவையில் கை தானாக எழுதிவிட்டது. மூன்றெழுத்துப் பெயர், சொல்லிப் பார்த்தால் நாக்கில் நிற்காமல் ஓடுகிற மாதிரி. பொருள்: விட்டுப் போகாதவள். தேசம்: தூரத்துத் தீவு ஒன்றில் வாழும் மீனவர்கள்.

அதோடு விட்டாரா பாவி மனுஷர்? குறிப்பு வேறு எழுதினார். பிள்ளை தங்காத வீடுகளில் பிறந்த குழந்தையைக் குப்பை என்றும் அழுக்கு என்றும் கூப்பிட்டுச் சாவை ஏமாற்றுகிற வழக்கம் பல தேசங்களில் உண்டு. அவருடைய அட்டைகளில் அப்படி எத்தனையோ கிடந்தன. அதைத்தான் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, 'பிள்ளை தங்காத வீட்டில் பிறக்கும் பெண்ணுக்கு அத்தீவினர் ஆசையாக வைக்கும் பெயர்' என்று எழுதினார். அன்றைக்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு வேண்டுதல். அதை எழுதிவிட்டார், அவ்வளவுதான் விஷயம். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து பிழைத்துவிட்டாள் என்றார். அந்தச் சந்தோஷத்தில் இவர் தாள்களைத் திரும்பப் படிக்காமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

ஏழு வருஷம் கழித்து ஒருநாள், கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல், ஒரு பெண் மாடியேறி வந்தாள். கையில் ஐந்து வயதுச் சிறுமி. சிறுமிக்கு முன்பல் விழுந்திருந்தது.

"பேர்ப் புத்தகம் எழுதறவர் நீங்களா சார்?"

அகராதி ஆடு விவகாரம் மாதிரி ஏதோ என்று நினைத்து நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். புருஷன் தூரப் பயணம் போகும் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் ஆறு நாள்தான் வீடு. முதல் பிள்ளை பதினோரு நாள் இருந்தது. இரண்டாவது அழக்கூட இல்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது பேருந்துக்குக் காத்திருந்த இடத்தில் இந்தப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறாள்.

"எனக்காகவே யாரோ எழுதி வெச்ச மாதிரி இருந்துச்சு சார். நின்ன எடத்துலயே அழுதுட்டேன். அதைத்தான் இவளுக்கு வெச்சேன். தங்கிட்டா." சிறுமியின் தலையைத் தடவினாள். "இப்ப பள்ளிக்கூடத்துல அவங்கவங்க பேரோட கதையைச் சொல்லணுமாம். அந்தத் தீவைப் பத்திக் கொஞ்சம் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்."

அவள் பெயரைச் சொன்னதுமே, அது ஆஸ்பத்திரிப் பெஞ்சில் எழுதிய மூன்றாவது பொய்ப்பிள்ளை என்று அகராதிக்குத் தெரிந்துவிட்டது. அம்மா, அது பொய், திருடனைப் பிடிக்க வைத்த பொறி என்று சொல்லிவிட்டிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வருத்தத்தோடு போயிருக்கும். ஆனால் அந்தப் பெண் குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது, ஓட்டைப் பல்லைக் காட்டிக்கொண்டு. அவருக்கு மனசு வரவில்லை.

"சின்னத் தீவும்மா" என்று ஆரம்பித்தார். "காலையில கெளம்பினா மத்தியானத்துக்குள்ள சுத்தி வந்துடலாம்."

"என் பேரு இருக்கறவங்க அங்க எத்தனை பேரு?" என்று சிறுமி கேட்டாள்.

"வீட்டுக்கு ஒருத்தி."

"அப்ப ஒரு அம்மா கூப்பிட்டா எல்லாரும் வந்துடுவாங்களே?"

"எல்லாரும்தான் வருவாங்க. யாரோட அம்மான்னு பாத்துட்டு, மத்தவங்க திரும்பிப் போயிடுவாங்க."

சிறுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாயும் சிரித்தாள். கடைசியில் அகராதியும் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் சிறுமி மாடிக்கு வந்துவிடுவாள். தாய் தைத்த சீருடைகளைக் கடையில் போட்டுவிட்டுத் திரும்புகிற வழி அது. வாசலிலிருந்தே "தீவுத் தாத்தா" என்று குரல் கேட்கும். அங்கே பள்ளிக்கூடம் உண்டா, நாய் உண்டா, பல் விழுந்தால் எங்கே போடுவார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. இவரும் சளைக்காமல் அளந்தார். முன்னுக்குப் பின் முரணாகிவிடக் கூடாதே என்று, சொன்னதையெல்லாம் ஓர் அட்டையில் பென்சிலால் குறித்து வேறு வைத்துக்கொண்டார். பொய்யிலும் ஒழுங்கு தவறாத மனுஷர், என்ன சொல்ல.

மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப அது எனக்காக எழுதினதா?"

"ஆமா."

"அதை ஏன் புத்தகத்துல போட்டீங்க? உங்க மனசுலயே வெச்சிருக்கக் கூடாதா?" ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "போய்ச் சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு வளந்து பெரிசாகி அந்தத் தீவைத் தேடிக் கெளம்பிடப் போவுது" என்றாள்.

"சொல்றேன். கொஞ்சம் பெரிசாகட்டும்."

அது பெரிதாகவில்லை. மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். முதல் நாள் மாத்திரை கொடுத்தார்கள், இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மூன்றாம் நாள் விடிந்தபோது முடிந்துவிட்டது. லாரியோடு போயிருந்த தகப்பன் வந்து சேர்வதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. கம்பி வெட்டுகிறவர்களில் ஒருவன் அதே தெருக்காரன். அவன் சொல்லித்தான் அகராதிக்குத் தெரியும். கேட்டதும் அவர் கையிலிருந்த அட்டையை எந்த இழுப்பறையில் போடுவது என்று தெரியாமல் நெடுநேரம் நின்றார். அழுகை வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது.

ஐந்தாம் நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். ஒற்றை அறை, பின்னால் சமையல் இடம். தையல் மிஷின்மேல் துணி போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் கை வைக்காத சீருடைகள் அடுக்கியிருந்தன. மூலையில் அவள் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து பாயை விரித்தாள். தன் மனைவி என்று அகராதி சொன்னதும் கும்பிட்டாள்.

"பேரு காப்பாத்தும்னு நெனச்சேன் சார். காப்பாத்தல" என்றாள். பிறகு, தானாகவே தலையை ஆட்டிக்கொண்டாள். "ஆனா அங்க எல்லாரும் இருப்பாங்க இல்ல? வீட்டுக்கு ஒருத்தின்னு சொன்னீங்களே. இந்நேரம் யாராவது ஒரு அம்மா இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பா. எவளோ ஒருத்தி ஓடி வருவா. இல்ல சார்?"

அகராதி மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்று தலையாட்டினார்.

திரும்பி வரும்போது தெருமுனையில், "தலையாட்டிட்டீங்களே" என்றாள் மனைவி.

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"தெரியல" என்றாள். அவளுக்கும்தான் தெரியவில்லை.

நாலு மாதம் போயிற்று. நகலெடுத்து விற்கும் அந்தப் பதிப்பகத்தின் புதுப் புத்தகத்தை முதலாளி வாங்கி வந்து, மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். சாய்ந்த கம்பம் மாதிரி அவலட்சணங்களையெல்லாம் அந்தக் கள்ளன் விட்டுவிட்டிருந்தான். யார் அதையெல்லாம் எடுப்பார்கள்? எடுத்தது ஒன்றே ஒன்று. மூன்றெழுத்துப் பெயர், விட்டுப் போகாதவள், தீவு, ஆசையாக வைக்கும் பெயர், ஒரு சொல் மாறாமல். வேறு அத்தாட்சியே கிடையாது.

வக்கீலின் தாள் கைக்கு வந்த அன்றைக்கு, வீட்டுக்குக் கிளம்பிய அகராதி படியில் நின்று முதலாளியிடம் கேட்டார். "ஒருவேளை அந்தப் பேர்ல யாராவது ஒருத்தர் இருந்தா?"

"இருக்கக் கூடாதுண்ணே. ஒருத்தர் இருந்தாலும் போச்சு. 'நாங்க அவங்ககிட்ட கேட்டு எழுதினோம், பேரு உலகத்துல இருக்குதே'ன்னு தப்பிச்சுடுவாங்களாம். வக்கீல் படிச்சுப் படிச்சுச் சொன்னார்." முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "அண்ணே, அப்பா காலத்துலேருந்து இருக்கீங்க, அதனால சொல்றேன். அவன் விக்கிற விலைக்கு நம்மால விக்க முடியல. இதுல தோத்தா நான் கடையை மூடணும். நாளைக்கு நீங்க இதைப் போடாம வந்தீங்கன்னா, அந்தக் கடைசி ரூமுக்கு நீங்க வர வேண்டியதே இல்ல. கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்த நாற்காலி என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்துவிட்டு அகராதி இறங்கினார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு தையற்காரி வீட்டுக்குப் போனார். செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்வதைவிடத் தான் சொல்லியே அவள் கேட்கட்டும் என்றுதான் போனார். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற சமயம். அவள் மறுபடி தைக்க ஆரம்பித்திருந்தாள். அறை நிறைய ஒரே நிறத்துச் சட்டைகள். முக்காலி ஒன்றைத் தள்ளிப் போட்டு உட்காரச் சொன்னாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அந்தத் தீவு இல்லம்மா" என்றார்.

அவள் சக்கரத்தை உள்ளங்கையால் நிறுத்தினாள். "ஏன் சார், கடல் கொண்டுபோயிடுச்சா?"

"இல்லம்மா. எப்பவுமே இருந்ததில்ல. நானா எழுதினது."

பொய்ப்பிள்ளைகளைப் பற்றி முழுக்கச் சொன்னார். எதற்கு வைக்கிறார்கள், எப்படிச் சொருகுகிறார்கள், எதையும் மறைக்கவில்லை.

"திருடனப் பிடிக்க வெச்ச பேரா என் பொண்ணுக்கு?"

"இல்லம்மா. மத்ததெல்லாம் அதுக்கு வெச்சது. இது அப்படி இல்ல." ஆஸ்பத்திரிப் பெஞ்சைச் சொன்னார். ஐந்து மணி நேரத்தைச் சொன்னார். எழுதியது யாரை நினைத்து என்று சொன்னார்.

"அவங்க பொழைச்சாங்களா?"

"பொழைச்சா. அன்னைக்கு என்கூட வந்தாளே, அவதான்."

"ம்" என்றாள். மடியில் கிடந்த சட்டையின் காலரை நீவிவிட்டாள். "நல்லது சார்."

அந்த 'நல்லது' அகராதியை அடித்துப் போட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"அப்ப அங்க யாருமே இல்லையா? வீட்டுக்கு ஒருத்தின்னு சொன்னீங்களே."

"யாரும் இல்லம்மா."

"ஒருத்திகூடவா?"

"ஒருத்திகூட."

அவள் இப்போதுதான் அழுதாள். சத்தமில்லை, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "சாயங்காலம் அவ வெளையாடிட்டு வர்ற நேரத்துக்கு மிஷினை நிறுத்திடுவேன் சார். இப்ப அங்க கூப்பிடுவாங்க, யாரோ ஒருத்தி இதோ வந்துட்டேன்னு சொல்லுவான்னு நெனச்சுக்குவேன். அப்புறம் எந்திரிச்சு அடுப்பு பத்த வெப்பேன். நேத்து வரைக்கும் எனக்கு ஒருத்திதான் போயிருந்தா. இன்னைக்கு அத்தன பேரும் போயிட்டாங்க."

"மன்னிச்சுடும்மா" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? அன்னைக்குத் தலையாட்டின மாதிரி இருந்துட்டுப் போயிருக்கலாமே" என்றாள்.

அவர் தாளை எடுத்தார். வழக்கைப் பற்றிச் சொன்னார். படியுங்கள் என்றாள். படித்தார். மூன்றாவது வாக்கியத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். அவள் கை நீட்டித் தாளை வாங்கித் தானே படித்தாள்.

"சரியாத்தான எழுதியிருக்காங்க" என்றாள். "இப்ப யாரு இருக்கா அந்தப் பேர்ல? போட்டுக் குடுத்துடுங்க சார்."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டையை எடுத்து மிஷினில் வைத்தாள். ஆனால் மிதிக்கவில்லை.

அகராதி பேனாவைத் திறந்தார். தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, மூன்றாவது வாக்கியத்தின் மேல் ஒரு கோடு போட்டார். வழக்குப் போயிற்று, கடை போயிற்று, கடைசி அறையும் இழுப்பறைகளும் போயின. அத்தனையும் தெரிந்துதான் போட்டார். அடித்ததற்கு மேலே, அட்டையில் எழுதுகிற அதே சின்ன எழுத்தில், இந்தப் பெயரில் ஒரு பெண் இருந்தாள், வயது ஏழு என்று எழுதினார். எழுதியதை அவளிடம் நீட்டினார்.

அவள் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"ஏழு இல்ல சார்" என்றாள். "ஆறு வருஷம் பத்து மாசம்."

அகராதி தாளை வாங்கி, 'ஏழு' என்பதை அடித்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.